தெத்துப்பல்லை ரசிப்பார்கள், இரண்டு கிலோ கூடினால் ரசிக்க மாட்டார்கள்

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான். அவருடைய அண்ணன் மகளுக்கு 15 வயது. ஒரு வருடமாக ஜப்பானியப் பாட்டுக் குழுக்களின் மேல் பைத்தியம். ‘இதையெல்லாம் பார்த்து உடம்பைக் கெடுத்துக்காதே’ என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால், ‘நீங்க சொல்றது கொரியா. ஜப்பான்ல அப்படிக் கிடையாது. அங்க தெத்துப்பல் இருந்தாக்கூட அழகுன்னுதான் சொல்வாங்க’ என்று பதில் வருகிறதாம். அது உண்மையா என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்: அவள் நோட்டுப் புத்தகத்தில் ‘சிண்ட்ரெல்லா வெயிட்’ என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள், அது என்ன?

பார்வைக்குப் பல்லைப் பற்றிய கேள்வி. உள்ளே இருப்பது வேறு: ஒரு குறையை ரசிக்கிற ஊரில் தோற்றத்தைப் பற்றிய நெருக்கடியும் குறைவாகத்தானே இருக்கும்? இருக்காது. தெத்துப்பல் விஷயம் உண்மை, அதிலிருந்து அந்தப் பெண் எடுக்கிற முடிவுதான் தப்பு.

நான் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர். டோக்கியோவில் 11 வருடம் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் பத்திரிகைப் பேட்டிகளையும் அழகுசாதன விளம்பர வாசகங்களையும் ஆங்கிலமாக்குவதில் போனது. டாக்டர் இல்லை. எந்த ஏஜென்சியின் உள்ளறையிலும் உட்கார்ந்ததும் இல்லை. அதனால் சொற்களைப் பற்றியும், மேடைக்கு இந்தப் பக்கம் கண்ணில் படுவதைப் பற்றியும் தைரியமாக எழுதுகிறேன். உள்ளே நடப்பதைப் பற்றி வரும்போது அடக்கி வாசிப்பேன்.

முதலில் பல். ஜப்பானியத்தில் அதற்குப் பெயர் யாஎபா. ‘அடுக்குப் பல்’ என்று சொல்லலாம். நாம் அடுக்குமல்லி என்கிறோமே, அதே அடுக்கு. இதழ் மேல் இதழாகப் பூக்கும் செர்ரிக்கும் அங்கே அதே ‘யாஎ’தான். ஒரு பல் வரிசையை விட்டுத் தள்ளி நிற்பதற்குப் பூவின் சொல்லைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது. 1980களின் பாடகிகளில் நவோகோ கவாய் சிரித்தால் தெரிவது அந்தப் பல்தான். பிறகு ஏகேபி48 என்ற பெண்கள் பாட்டுக் குழுவின் தொமோமி இத்தானோ அதற்கு மறுபடி மவுசு கொண்டுவந்தார். 2011 வாக்கில் டோக்கியோவில், நேராக இருக்கிற பல்லின் மேல் ஒரு முனையை ஒட்டித் தெத்துப்பல்லாக்கிக் கொடுக்கும் பல் மருத்துவமனைகள்கூட இருந்தன. எங்கள் வீட்டில் என் தங்கைக்கு மூன்று வருடம் கம்பி போட்டு அதைத்தான் உள்ளே தள்ளினோம்.

ஏன் அது அழகு? பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்போது, வாயில் இடம் போதாமல் நெருக்கியடிக்கும் ஒரு வயது உண்டு. தெத்துப்பல் அந்த வயதை ஞாபகப்படுத்துகிறது. ஜப்பானிய விமர்சகர்கள் இந்தப் பாட்டுக் குழுக்களைப் பற்றி எழுதும்போது திரும்பத் திரும்ப வருகிற சொல் ‘மிஜுகு’: இன்னும் பழுக்காதது. தமிழில் அதற்குப் ‘பிஞ்சு’ என்பதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. பழுத்துத் தயாராக வந்து நிற்கிற பாடகியை அல்ல, பிஞ்சைக் கொண்டுவந்து நிறுத்தி, அது வளர்வதைப் பார்க்க டிக்கெட் விற்பதுதான் ஐடல் வியாபாரம். இப்படி மேடையேறுகிற இளம் பாட்டு நட்சத்திரங்களைத்தான் அங்கே ‘ஐடல்’ என்பார்கள். தயாரிப்பாளர் யாசுஷி அக்கிமோட்டோ 2005இல் ஏகேபி48ஐத் தொடங்கியபோது டோக்கியோவின் அக்கிஹாபாராவில் ஒரு கடைக் கட்டடத்தின் எட்டாவது மாடியில் 250 பேர் கொள்ளும் சின்ன அரங்கை எடுத்தார். முதல் நாள் வந்த பொதுப் பார்வையாளர்கள் 7 பேர் என்பதை அந்தக் குழுவே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். ‘நேரில் போய்ப் பார்க்கக்கூடிய ஐடல்’ என்பதுதான் விற்பனை வாசகம். எட்டாத அழகி வேண்டாம், வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண் போதும்.

இதைக் கேட்டால் ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் எந்தக் குறைக்கு அனுமதி உண்டு என்று கவனியுங்கள். தெத்துப்பல், குட்டை உயரம், ஆடும்போது கால் தடுக்குவது, பாடும்போது சுருதி விலகுவது, பேசும்போது மழலை. எல்லாம் வயதைக் குறைத்துக் காட்டுகிற குறைகள். எடை கூடுவது, கன்னம் அகலமாவது, காதலன் இருப்பது, 25ஐத் தாண்டுவது இவையெல்லாம் வயது ஏறுவதைக் காட்டுகிறவை. அவற்றுக்கு அனுமதி இல்லை. பிஞ்சு பிஞ்சாகவே இருக்க வேண்டும் என்பது விதி. 14 வயதில் சேருகிற பெண்ணுக்கு உடம்பு செய்யப்போகிற முதல் வேலையே அந்த விதியை மீறுவதுதான். இடுப்பு அகலும், முகம் மாறும். கொரியக் குழுக்களில் பல வருடம் பயிற்சி கொடுத்து முடித்துவிட்டு மேடையேற்றுவதுதான் வழக்கம். ஜப்பானில் மேடையிலேயே, எல்லார் கண் முன்னாலும், அந்த மாற்றம் நடக்கிறது.

கண் முன்னால் என்று நான் சொல்வது எவ்வளவு பக்கம் தெரியுமா? கை நீட்டுகிற தூரம். பெரிய குழுக்களின் சிடியோடு கைகுலுக்கும் சீட்டு ஒன்று வரும். ஒரு சீட்டுக்குச் சில நொடிகள். நேரம் முடிந்ததும் ரசிகரைத் தோளில் தட்டி நகர்த்துவதற்கென்றே ஓர் ஆள் நிற்பார். அவரை ரசிகர்கள் ‘ஹகாஷி’ என்பார்கள், ஒட்டியிருப்பதை உரித்தெடுக்கிறவர் என்று பொருள். யாருடைய வரிசை நீளம், யாருடையது குட்டை என்பது மண்டபத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், அந்தப் பெண்களுக்கும் சேர்த்து. போதாததற்கு 2009 முதல் 2018 வரை ஏகேபி48 வருடா வருடம் ரசிகர்களை வைத்துத் தேர்தல் நடத்தியது. வாக்குச்சீட்டும் சிடிக்குள்தான். ஒருவர் நூறு சிடி வாங்கினால் நூறு வாக்கு. பெயருக்குப் பக்கத்தில் வாக்கு எண்ணிக்கையோடு, பெருந்திரளுக்கு முன்னால், தரவரிசை வாசிக்கப்படும். முகத்துக்கு மட்டும் விழுந்த வாக்குகள் அல்ல அவை, பேச்சு, உழைப்பு, நகைச்சுவை எல்லாம் அதில் உண்டு. ஆனால் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கும்போது அந்தப் பெண்ணின் மனதில் எந்த எண் ஓடும் என்று ஊகிக்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

சின்னக் குழுக்களில் இது இன்னும் நெருக்கம். ஒருமுறை கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஷின்ஜுகுவில் நிலவறை அரங்கு ஒன்றுக்கு என்னைக் கூட்டிப்போனார். ஐந்து பெண்கள், அறுபது பேர் கூட்டம், நாற்பது நிமிடப் பாட்டு. முடிந்ததும் மடக்கு மேசை ஒன்றைப் போட்டு ‘செக்கி’ எடுக்கத் தொடங்கினார்கள். நம் ஊரிலும் கல்யாணங்களில் வைக்கிறார்களே, படம் உடனே காகிதத்தில் வெளியே வருகிற அந்தக் கேமரா. ஒரு படம் 1,500 யென். இந்தக் குழுக்களுக்குச் சோறு போடுவது பாட்டைவிட இந்த மேசைதான். என் நண்பர் ஐவரில் ஒருத்தியின் பக்கத்தில் போய் நின்றார். அந்தப் பெண்ணுக்கு 19 வயதிருக்கும். கேமரா உயர்ந்ததும் கால் தானாக அரை அடி பின்னால் போனது. ரசிகர் முன்னால் நின்றால் அவர் முகம் பெரிதாகவும் தன் முகம் சின்னதாகவும் விழும். மோவாய் இறங்கியது. உள்ளங்கை கன்னத்தில் ஏறியது, பல்வலிக்காரர் கன்னத்தைப் பிடிப்பது மாதிரி. அந்த நிலைக்குப் பெயரே ‘சொத்தைப்பல் போஸ்’தான், தாடைக் கோட்டை மறைப்பதற்கு. நெற்றிமுடி அத்தனை ஆட்டத்துக்குப் பிறகும் ஸ்பிரேயின் தயவில் ஓர் இழைகூட அசையாமல் நின்றது. இரண்டு பக்கமும் கன்னத்தின் மேல் விழுகிற இரண்டு கற்றை, அதை ‘உணர்கொம்பு’ என்பார்கள், அதுவும் முகத்தின் அகலத்தை மறைக்கத்தான். படம் வெளியே வந்து மெல்லத் தெளிந்தது. அதில் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறக்கும் முன் ஒரு நொடி தன் முகத்தைப் பார்த்தாள், என் நண்பர் முகத்தை அல்ல. பிறகுதான் சிரிப்பு வந்தது. காகிதப் படத்தில் திருத்தம் செய்ய முடியாது.

முகம் சின்னதாக இருக்க வேண்டும் என்ற இந்த ஆசைக்கு ‘கொகாவோ’ என்று தனிச்சொல்லே இருக்கிறது. இரட்டை இமை மடிப்புக்கும் அப்படித்தான். மடிப்பை உண்டாக்குகிற பசையும் நாடாவும் மருந்துக்கடையில் ஒரு முழு அலமாரியை அடைத்திருக்கும். வெளுப்புக்கு ஒரு பழமொழியே உண்டு: ‘வெள்ளைத் தோல் ஏழு குறைகளை மறைக்கும்.’ இது மேற்கிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது, அரிசி மாவுப் பூச்சும் வெள்ளைப் பொடியும் அங்கே பல நூற்றாண்டுப் பழக்கம். 2013இல் கனெபோ நிறுவனத்தின் வெளுப்பாக்கும் பொருள்களால் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தோலில் வெண்திட்டுகள் விழுந்து, அவை திரும்பப் பெறப்பட்டன. அதற்குப் பிறகும் கடைகளில் அந்த அலமாரி காலியாகவில்லை.

என் தொழிலுக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பேட்டியின் முன்னுரையில், பாடகி ஒருவர் ‘சமீபமாகக் கென்கோதெக்கியாகத் தெரிகிறார்’ என்று இருந்தது. அகராதிப்படி ‘ஆரோக்கியமாக’. அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன். எங்கள் ஆசிரியர் ஐம்பது வயதுப் பெண்மணி. அதைச் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு, என்னைப் பார்த்து இரண்டு கன்னத்தையும் காற்றடைத்து உப்பிக் காட்டினார். எடை போட்டுவிட்டாள் என்பதற்கு அங்கே மரியாதையான சொல் அது. அந்த வரியையே எடுத்துவிடச் சொன்னார். இணையத்தில் இந்த மரியாதை கிடையாது. அங்கே ‘ரெக்கா’ என்பார்கள். பிளாஸ்டிக்கோ ரப்பரோ நாள்பட்டு இற்றுப்போவதற்கான சொல். அதை 27 வயதுப் பாடகியின் முகத்துக்குப் போடுவார்கள். கொரியாவைவிட ஜப்பானில் நெருக்கடி குறைவு என்ற எண்ணம் வருவதற்கு ஒரு காரணம், வெளியில் கேட்கிற மொழி மென்மையாக இருப்பதுதான் என்று நினைக்கிறேன். இது என் அனுமானம், அளந்து பார்த்த விஷயம் அல்ல.

2011இல் நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். ஏகேபி48இல் எகுச்சி அய்மி என்று புதுப்பெண் ஒருத்தி சேர்ந்திருப்பதாக அறிவிப்பு வந்தது. கிளிகோ நிறுவனத்தின் ஐஸ் விளம்பரத்தில் நடுநாயகமாக நின்றாள். ரசிகர்கள் கொஞ்ச நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள், எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று. பார்த்த முகம்தான். அட்சுகோ மாயேதாவின் கண், தொமோமி இத்தானோவின் மூக்கு, மரிகோ ஷினோதாவின் வாய், மாயு வத்தனாபேயின் புருவம் என்று ஆறு பேரிடமிருந்து எடுத்துக் கணினியில் ஒட்டிய பெண் அவள். விளம்பரமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம், நானும் ரசித்தேன். ஆனால் அந்த ஒட்டுமுகத்தில் இத்தானோவின் மூக்கைத்தான் எடுத்தார்களே தவிர, அவரைப் பேர்பெற வைத்த பல்லை எடுக்கவில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

இனி சிண்ட்ரெல்லா. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, நேரடியான கணக்கு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, 20ஆல் பெருக்கி, மறுபடி 0.9ஆல் பெருக்க வேண்டும். உயரம் 160 செ.மீ. என்றால் 46 கிலோ வரும். உயரத்துக்கேற்ற எடையைப் பார்க்கும் பிஎம்ஐ கணக்கில் அது 18. பெரியவர்களுக்கு 18.5க்குக் கீழே போனாலே எடைக்குறைவு. அதாவது சிண்ட்ரெல்லா எடை என்பது வரையறைப்படியே எடைக்குறைவு; யாராவது கணக்கில் பிசகி அப்படி ஆனதல்ல. டாக்டர்கள் தந்த அளவும் அல்ல, பெண்கள் பத்திரிகைகளிலும் இணையத்திலும் புழங்குகிற அளவு. இதற்கு மேல் ஒன்று: உங்கள் அண்ணன் மகளுக்கு ஹட்சுனே மிக்குவைத் தெரிந்திருக்கும். 2007இல் வந்த பாட்டு மென்பொருளின் நீலப்பச்சை முடிக்காரி. அவளுக்கு நிறுவனம் கொடுத்திருக்கும் விவரம்: வயது 16, உயரம் 158 செ.மீ., எடை 42 கிலோ. அந்த உயரத்துக்குச் சிண்ட்ரெல்லா எடை போட்டால் 45 வருகிறது. பசிக்காத, வளராத, உடம்பே இல்லாத பாடகிக்கும் ஓர் எடை தேவைப்பட்டிருக்கிறது, அதுவும் சிண்ட்ரெல்லாவைவிட மூன்று கிலோ குறைவாக.

அழகின் அளவுகோல் அங்கே மாறவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1980இல் வந்த பாடகி செய்கோ மட்சுதாவின் முடிவெட்டை நாடே வெட்டிக்கொண்டது. 1990களின் நடுவில் ஓக்கினாவாவிலிருந்து வந்த நமியே அமுரோ அதைத் தலைகீழாக்கினார். வெயில்பட்ட நிறம், பழுப்பு முடி, நூலாகத் திருத்திய புருவம், தடித்த அடிப்பாகம் வைத்த பூட்ஸ். அவரைப் பார்த்து உடுத்தியவர்களுக்கு ‘அமுரர்’ என்றே பெயர் விழுந்தது. வெளுப்பின் ஆட்சிக்கு அப்போது கொஞ்ச காலம் விடுமுறை. பிறகு வெளுப்பு திரும்பி வந்தது, கறுப்பு முடி வந்தது, இப்போது கண்ணுக்குக் கீழே சின்ன வீக்கம் மாதிரி வரைந்துகொள்கிறார்கள். நிறமும் முடியும் புருவமும் இப்படி வந்து வந்து போயின. இந்த நாற்பது வருடத்தில் ஒரு தடவைகூட விடுமுறை எடுக்காதது மெலிவு மட்டும்தான்.

ஆண்களுக்கும் உண்டா என்றால், உண்டு. மெல்லிய தாடை, ரோமமில்லாத தோல், ஒல்லி உடம்பு. ஆனால் நாற்பது வயது தாண்டியும் ஐடலாகவே இருக்க ஆண்களுக்கு இடம் இருந்திருக்கிறது. பெண்களுக்கு ‘பட்டமளிப்பு’ வைத்து அனுப்பிவிடுவார்கள்.

அடக்கி வாசிப்பேன் என்று சொன்ன இடத்துக்கு வந்துவிட்டேன். ஒப்பந்தத்தில் எடை இவ்வளவு என்று எழுதி வாங்குகிறார்களா? ஒப்பந்தங்கள் வெளியே வருவதில்லை. நீதிமன்றத்துக்குப் போன சில வழக்குகளில் தெரிந்தது காதல் தடையைப் பற்றித்தான். டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2015இல் ஒரு வழக்கில் முன்னாள் ஐடல் 6 லட்சத்து 50 ஆயிரம் யென் கட்ட வேண்டும் என்றது. 2016 ஜனவரியில் இன்னொரு வழக்கில், காதலிப்பது தனிமனித உரிமை என்ற பக்கம் சாய்ந்து நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளியது. எடையைப் பற்றி முன்னாள் பாடகிகள் பேட்டிகளில் சொல்வது உண்டு, நானே சிலவற்றை மொழிபெயர்த்திருக்கிறேன். அவை அந்தந்தப் பெண்ணின் அனுபவம். துறை முழுவதற்குமான ஆதாரமாக அவற்றை நீட்டக் கூடாது. யார் அறுவை சிகிச்சை செய்துகொண்டார் என்ற பட்டியல்களை நான் தொடுவதே இல்லை. இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துத் தீர்ப்பு சொல்வது வம்பு, தகவல் அல்ல.

எல்லாரும் கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு. 2013 ஜனவரி கடைசியில், ஆண் நண்பர் வீட்டிலிருந்து வெளியே வந்ததை ஒரு வாரப் பத்திரிகை வெளியிட்டதும், ஏகேபி48இன் மினாமி மினேகிஷி தலையை மழித்துக்கொண்டு அழுது மன்னிப்புக் கேட்கிற காணொளி குழுவின் சொந்த யூடியூப் பக்கத்திலேயே ஏறியது. மொட்டை தானே எடுத்த முடிவு என்றார். ‘முடிதான் பெண்ணின் உயிர்’ என்று சொல்லிப் பழகிய மொழி அது. தவறு என்று நினைத்ததற்கு ஒரு பாடகி செலுத்திய அபராதம் பணமோ குரலோ அல்ல, தோற்றம்.

முகத்தையே காட்டாமல் தப்பித்தவர்களும் இருக்கிறார்கள். கிரீன் என்ற பெயரில் வந்த குழுவில் (2024இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள்) எல்லாரும் பல் மருத்துவர்கள். தொழிலுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று முகம் காட்டாமலே பெரிய வெற்றிகள் கொடுத்தார்கள். அடோ என்ற பாடகி 17 வயதில், 2020இல், ஒரே பாட்டில் நாடு முழுக்கத் தெரிந்தவரானார். 2024 ஏப்ரலில் டோக்கியோ தேசிய விளையாட்டரங்கில் தனியாகக் கச்சேரி செய்த முதல் பெண் பாடகி அவர்தான். ஒரு கூண்டுப் பெட்டிக்குள் நிழலாக நின்று பாடினார். உங்கள் அண்ணன் மகளுக்குப் பிடித்திருந்தால் அடோவைக் கேட்கச் சொல்லுங்கள், தொண்டை அப்படி ஒரு தொண்டை.

பாடகிகளைப் பார்த்துத்தான் ஜப்பானியப் பெண்கள் மெலிகிறார்களா? மெலிவு உறுதி: 2019ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பில் இருபதுகளில் இருக்கும் பெண்களில் ஐந்தில் ஒருவர் எடைக்குறைவு. 2025இல் அங்குள்ள உடல்பருமன் ஆய்வுச் சங்கமே, பெண்களின் எடைக்குறைவைத் தனி நோய்க்குறியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. காரணம் ஐடல்கள்தான் என்பது அந்த அளவுக்கு உறுதி இல்லை. பத்திரிகை மாடல்கள், ஒரே அளவில் தைத்து விற்கிற துணிக்கடைகள், காலைச் சாப்பாட்டை விடுகிற வேலைநேரம் எல்லாம் ஒரே காலத்தில் வந்தவை. பாடகிகள் இந்த அளவுகோலை உண்டாக்கியவர்கள் என்பதைவிட, அதை முதலில் உடம்பில் வாங்கிக்கொள்கிறவர்கள் என்றே எனக்குப் படுகிறது.

கடைசியாக அந்த நோட்டுப் புத்தகம். சண்டை போட்டுக் கிழித்துப் போட வேண்டாம். அந்தக் கணக்கில் வயதுக்கு இடமே இல்லை, 15க்கும் 40க்கும் ஒரே விடை வரும் என்பதை அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வளர்கிற வயதுக்குப் பெரியவர்களின் பிஎம்ஐ பொருந்தாது. குழந்தை மருத்துவரிடம் வயதுவாரியாக வளர்ச்சி அட்டவணை இருக்கும், அதில் அவள் எந்தக் கோட்டில் வருகிறாள், போன வருடம் எந்தக் கோட்டில் இருந்தாள் என்று பார்ப்பார்கள். கோடு இறங்கியிருந்தாலோ, ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் போயிருந்தாலோ, பாட்டுப் பேச்சை அப்புறம் வைத்துக்கொண்டு இந்த வாரமே கூட்டிப்போங்கள். இரண்டும் இல்லை என்றால், மிக்குவின் 42 கிலோவை அவளிடம் சொல்லி, அந்த எடையை யார் நிறுத்துப் பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.